செட்டையின் அடிப்பக்கம்

குண்டு போடுகிற விமானமொன்றை நான் முதன்முதலில் பக்கவாட்டில் பார்த்தது சூரிச்சில், ஒரு கந்தோர் மேசைமேல், புத்தகத்துக்குள். அதுவரை எனக்குத் தெரிந்தது அடிவயிறு மட்டும்தான். பொம்மர் வரும்போது ஊரில் யாரும் எழுந்து நின்று அதன் மூக்கு எப்படி, கண்ணாடி எப்படி என்று ஆராய்வதில்லை. பங்கருக்குள் மல்லாந்து கிடந்து, வாசலில் தெரிகிற துண்டு வானத்தை அது கடந்துபோகும்வரை பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு செட்டை, நடுவில் ஒரு வயிறு, பின்னால் ஒரு சின்னக் குறுக்கு. அதை வைத்தே எது வருகிறது, என்னத்தைப் போடும் என்று பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளும் சொல்லிவிடும்.

அகதி மனுவுக்காக என்னை விசாரித்த அதிகாரி நல்ல மனிதர்தான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. தானே எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா செத்ததைச் சொல்லச் சொன்னார், சொன்னேன். எந்த விமானம் என்று கேட்டார். ஊரில் நாங்கள் வைத்திருந்த பட்டப்பெயரைச் சொன்னேன். மொழிபெயர்க்க வந்திருந்த தமிழருக்கு அது விளங்கியது, அதிகாரிக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. அவர் தடித்த புத்தகமொன்றைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஒரு பக்கத்தில் எட்டோ ஒன்பதோ விமானங்கள், எல்லாம் பக்கவாட்டில், புல்லில் சில்லை ஊன்றி நின்றன. நான் ஒன்றையும் மட்டுக்கட்டவில்லை.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அக்காவைக் கொன்றது எது என்றுகூடத் தெரியாமல் வந்து நிற்கிறான் என்று நினைப்பார்களே என்று எனக்கு வெட்கமாயிருந்தது. கொஞ்சம் சாயல் தெரிந்த ஒன்றின்மேல் விரலை வைத்தேன். அது ஐம்பது வருடத்துக்கு முந்திய உலகப்போரில் பறந்து, அந்தப் போரோடு கைவிடப்பட்ட விமானம். அதிகாரி அதை எழுதிக்கொண்டார்.

மூன்று மாதத்தில் நெகட்டிவ் வந்தது, மனுவை நிராகரித்த கடிதம். விமானத்தைப் பற்றிச் சொன்னது நம்பத்தகுந்ததல்ல, ஆகவே அதற்குப் பிறகு சொன்ன கைது, சிறை, அடி எதுவும் நம்பத்தகுந்ததல்ல என்று எழுதியிருந்தது. முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யாவிட்டால் நாட்டைவிட்டு வெளிக்கிட வேண்டும். வெளிக்கிட்டால் கொழும்பு விமான நிலையத்தில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒருமுறை நடந்ததுதான்.

சூரிச்சில் ஒரு தேவாலயத்தின் பின்னறையில் அகதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் சுவிஸ் பெண்மணி ஒருவர் இருந்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். அழுது எழுதினால் பலிக்காது, புதிதாக ஒரு ஆதாரம் வேண்டும் என்றார். அப்படி ஒரு விமானம் இருக்கிறது, அது நான் சொன்ன மாதிரித்தான் பறக்கும் என்று விமானத்தைப் பற்றித் தெரிந்த ஒருவர் எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். நல்ல கதை. பக்கத்து ஊரான ஊஸ்டரில் ஒரு ரெஸ்ரோரண்டில் கோப்பை கழுவுகிறவனுக்கு விமானம் தெரிந்தவர்களா வரிசையில் நிற்கிறார்கள் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு ரயில் ஏறினேன். அப்படி ஒருவருக்குத்தான் ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போது என் மூளைக்கு எட்டவில்லை.

அவர் எங்கள் ரெஸ்ரோரண்ட் முதலாளியம்மாவின் தகப்பன். எண்பது கடந்தவர், தனியாக இரண்டு தெரு தள்ளி மூன்றாம் மாடியில் இருந்தார். பதினொன்றரைக்கு, குசினியில் கூட்டம் தொடங்குமுன், மூடி போட்ட கோப்பையில் முதலாளியம்மா சாப்பாட்டைத் தருவார். வாரத்தில் இரண்டு நாள் அங்கேயே நின்று வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வரவேண்டும். கிழவர் வீட்டுக்குள்ளேயே சேட்டும் கழுத்துப்பட்டியுமாக இருப்பார். நான் வருவதும் போவதும் அவருக்குக் காற்று வந்து போகிற மாதிரி.

அந்த வீட்டின் முன்னறையைச் சொல்லவேண்டும். கூரையிலிருந்து நாற்பது விமானங்கள் மெல்லிய நூலில் தொங்கின. எல்லாம் அவர் கையாலேயே மரத்தில் செதுக்கியவை, என் முழங்கை நீளம் இருக்கும். எல்லாவற்றின் மூக்கும் கதவைப் பார்த்தபடி இருக்கும். நான் கதவைத் திறந்தால் உள்ளே போகும் காற்றில் அவை மெதுவாக மறுபக்கம் திரும்பும். கதவைச் சாத்தினால் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து மறுபடி என்னைப் பார்க்கும். முதல் மாதம் நான் அந்த அறையில் முதுகைச் சுவர்ப்பக்கம் வைத்துத்தான் தரை துடைத்தேன். வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை.

மத்தியானத்தில் யன்னலால் விழும் வெயிலில் நாற்பதின் நிழலும் பலகைத் தரையில் ஊரும். தூசி உறிஞ்சும் மெசினை நான் அந்த நிழல்களுக்கு மேலால்தான் இழுக்கவேண்டும். கொஞ்ச நாள் போக, ஒன்றைக் கவனித்தேன். எல்லா நிழலையும் மிதித்துக்கொண்டு போகும் என் கால், சோபாவுக்குப் பக்கத்தில் விழும் ஒரு நிழலை மட்டும் சுற்றிப் போகும். நானாக நினைத்துச் செய்ததல்ல. கால் தானாக விலகும், தோளில் மயிர் சிலிர்க்கும். வயிற்றில் ஏதோ கோளாறு என்று ஒரு வாரம் கோப்பியை விட்டுப் பார்த்தேன்.

கிழவரோடு பேச்சு தொடங்கியது இன்னொரு விதத்தில். பக்கத்தில் இராணுவ விமானத்தளம் இருந்ததால் சில நாட்களில் ஜெட்டுகள் ஊருக்கு மேலால் போகும். யன்னல் கண்ணாடி முனகும், தொங்குகிற நாற்பதும் ஒரு நடுக்கம் நடுங்கும். அவர் சாப்பிடுவதை நிறுத்தாமலே அது எந்த வகை என்று சொல்வார், தனக்குத்தானே. ஒருநாள் அவர் வாய் திறக்குமுன், சத்தம் சரியாகக் காதில் விழுமுன், இரண்டு வருகிறது, தாழ்வாக வருகிறது என்று என் குசினி ஜேர்மனில் சொல்லிவிட்டேன். இரண்டு வந்தன, தாழ்வாக. அவர் கரண்டியை வைத்துவிட்டு என்னை முதல்முறையாக ஒரு ஆளாகப் பார்த்தார். எங்கே படித்தாய் என்று கேட்டார். வீட்டில் என்றேன்.

அதன்பிறகு எனக்குப் பாடம் தொடங்கியது. அவர் வாழ்நாள் முழுக்க விமானத்தின் செட்டையை மட்டும் வரைந்தவர். போர்க்காலத்தில் எல்லைக்கு அப்பால் ஒரு தொழிற்சாலையில், போருக்குப் பிறகு வேறு கம்பனிகளில். எந்த நாடு, எந்தக் கம்பனி என்று இங்கே எழுதப்போவதில்லை. உலகத்தில் சிறந்த விமானங்களைச் செய்தவர்கள் யார் என்பதுதான் அவருக்குப் பிடித்த கதை. ஒவ்வொன்றின் கீழும் போய் நின்று விரலைக் காட்டுவார். இங்கிலாந்துக்காரன் நுனி ஒடுங்கிய முட்டை வடிவச் செட்டை வைத்தான், அழகு, ஆனால் அதைச் செய்ய ஒரு தொழிலாளிக்கு உயிர் போகும். ஜேர்மன்காரன் நுனியைச் சதுரமாக வெட்டினான், அசிங்கம், ஆனால் சீக்கிரம் செய்யலாம். ஜப்பான்காரன் பாரத்தைக் குறைக்க விமானியின் முதுகுக்குப் பின்னால் இருக்கவேண்டிய இரும்புத்தகட்டையே விட்டுவிட்டான். இங்கிலாந்தில் இன்னொருவன் இரும்பே தேவையில்லை என்று தளபாடம் செய்கிற தச்சர்களைக் கூப்பிட்டுப் பலகையில் பொம்மர் செய்தான், அதைப் பிடிக்க எவராலும் முடியவில்லை.

ஜேர்மன்காரர் ஒரு விமானத்தின் காலில் காற்றில் ஊளையிடும் குழலைப் பூட்டிய கதையையும் சொன்னார். கீழே நிற்பவர்கள் பயப்படுவதற்காக மட்டும் பூட்டியது. அது சரியான முட்டாள் வேலை என்று அவருக்குக் கோபம். ஏன் என்று கேட்டேன், நல்லதாக ஒன்று சொல்வார் என்று எதிர்பார்த்து. அந்தக் குழல் காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்துவிட்டதாம். அவருடைய ஆட்சேபணை அவ்வளவுதான். நான் தலையை ஆட்டிவிட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வந்தேன்.

ஆக, நெகட்டிவ் கடிதம் வந்து இரண்டு கிழமை ஓடியிருந்தபோதும் நான் அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய விமானங்கள் எல்லாம் அந்தக் காலத்துப் பெரிய போரினுடையவை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்று மெசினின் குழாய் நுனி கழன்று சோபாவுக்கு அடியில் உருண்டுவிட்டது. எட்டவில்லை. மல்லாந்து படுத்துக் கையை உள்ளே விட்டுத் துழாவினேன். நுனி கையில் அகப்பட்டபோது கண் மேலே போனது.

நேர் மேலே அது நின்றது. இரண்டு செட்டை, நடுவில் ஒரு வயிறு, பின்னால் ஒரு சின்னக் குறுக்கு. செட்டை நுனியில் சின்னக் குண்டான் மாதிரி இரண்டு வீக்கம். நான் அந்த அறையில் ஒரு வருடமாக அதைப் பக்கத்திலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்துத் தூசி தட்டியிருக்கிறேன், ஒருநாளும் மட்டுக்கட்டவில்லை. கீழே கிடந்ததும் அரை நொடியில் தெரிந்துவிட்டது. காற்று இல்லை, கதவு சாத்தியிருந்தது. அது நூலில் மெல்லத் திரும்பித் தன் மூக்கை என் தலைக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தியது. திரும்பியது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். என் வாய் தானாகச் செபம் சொல்லத் தொடங்கியிருந்தது.

கிழவர் வாசலில் வந்து நின்றார். நான் எழும்பாமலே கையைக் காட்டி, இதுதான் எங்கள் ஊருக்கு வந்தது, இதுதான் என் அக்காவைக் கொன்றது என்றேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு மிக அமைதியாகச் சொன்னார்: "அது பள்ளிக்கூட விமானம். பிள்ளைகள் பறக்கப் பழகுவதற்குச் செய்தது. அதன் செட்டையை நான் வரைந்தேன்."

செட்டைக்குக் கீழே இரண்டு குண்டு தொங்கும் என்றேன். மேலதிக பெற்றோல் கலன் மாட்டத்தான் துளை வைத்தோம் என்றார். பெற்றோலா எங்கள் தோட்டத்தில் விழுந்தது என்று கேட்டேன். என் ஜேர்மனில் அது எப்படி விழுந்ததோ தெரியாது, அவர் முகம் சுவர் மாதிரி ஆகிவிட்டது. எனக்கு முப்பது நாள் தவணை இருப்பதையும், பாதி முடிந்துவிட்டதையும், அவர் ஒரு கடிதம் எழுதினால் நான் தப்பலாம் என்பதையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்த நாள் கதவை ஒரு சாண் மட்டும் திறந்து கோப்பையை வாங்கிக்கொண்டார். அதற்கடுத்த நாளும் அப்படியே. உள்ளே எதையோ இழுக்கிற சத்தமும் நூல் அறுக்கிற மாதிரிச் சத்தமும் கேட்கும். கோப்பைகள் கொடுத்தது கொடுத்தபடி திரும்பி வந்தன. அப்பாவுக்கு நீ என்ன சொன்னாய் என்று முதலாளியம்மா கேட்டார். ஒன்றும் சொல்லவில்லை என்று பொய் சொன்னேன். வேலையும் போகப்போகிறது, நாடும் போகப்போகிறது என்று நினைத்தேன். கிழவர்மேல் வந்த ஆத்திரத்தில் அந்த வாரம் குசினியில் உடைத்த கிண்ணங்களுக்குக் கணக்கில்லை.

தவணைக்கு ஆறு நாள் இருந்தது. வழக்கம்போல மணியை அடித்தேன், கதவு முழுதாகத் திறந்தது. கிழவர் சேட்டும் கழுத்துப்பட்டியுமாக நின்று என்னை உள்ளே வரச்சொன்னார்.

முன்னறையில் சோபா சுவரோரம் தள்ளப்பட்டிருந்தது. விமானங்களை எல்லாம் அவர் கழற்றிவிட்டார். ஆனால் நூல்களைக் கழற்றவில்லை. கூரை முழுக்க வெறும் நூல்கள் தொங்கின, கதவைத் திறந்த காற்றில் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து திரும்பின. நடுவில் அந்த ஒன்று மட்டும் இருந்தது. அதற்கு நேர் கீழே தரையில் ஒரு போர்வை விரித்து, இரண்டு தலையணை போட்டிருந்தார். ஒரு தலையணையில் தலை வைத்த பள்ளம் தெரிந்தது.

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மூட்டாக மடக்கித் தரையில் படுத்தார். என்னைப் பக்கத்தில் படுக்கச் சொன்னார். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். படுத்தேன். சப்பாத்தோடு இரண்டு ஆண்கள் மத்தியான வெயிலில் தரையில் மல்லாந்து கிடந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"அறுபது வருடம் வரைந்திருக்கிறேன்," என்றார். "இந்த வாரம்வரை கீழே படுத்துப் பார்த்ததில்லை. எப்படி வந்தது என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் சொல்லுங்கள்."

சொன்னேன். எங்களுக்கு வெங்காயத் தோட்டம். தண்ணீர் இறைக்கிற மெசின் ஓடிக்கொண்டிருந்தால் பொம்மரின் சத்தம் கேட்காது. அதனால் எங்கள் வீட்டில் எண்ணுகிற பழக்கம் வந்தது. அது ஒருமுறை தலைக்கு மேலால் போய்ப் போட்டுவிட்டுத் திரும்பி வருவதற்குள் 'அருள் நிறைந்த மரியே' செபத்தை ஏழு தரம் சொல்லி முடிக்கலாம். எட்டாவதைத் தொடங்கும்போது மறுபடி மேலே நிற்கும். பத்து சொல்லியும் வராவிட்டால் அது போய்விட்டது என்று அர்த்தம், பங்கரைவிட்டு வெளியே வரலாம். பக்கத்து வீடுகளிலும் இதே கணக்குத்தான். பங்கருக்குள் செபமாலையை உருட்டுகிறவர்தான் எங்களுக்கு மணிக்கூடு.

கிழவர் சேட்டுப் பையிலிருந்து நொடி அளக்கும் கடிகாரமொன்றை எடுத்தார். அன்று சொன்ன வேகத்திலேயே சொல்லச் சொன்னார். நான் சுவிஸ் வந்தபிறகு கோயிலில் கூட அந்தச் செபத்தை வாய் திறந்து சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லும்போது உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பேன். தொடங்கினேன். வார்த்தைகள் ஒன்றில் ஒன்று ஏறி ஓடின. நான்காவதில் வியர்த்தது. மேலே அது அசையாமல் நின்றது. பொம்மர் வானத்தில் நகராமல் நிற்கிற மாதிரித் தெரிந்தால் அது நேராக உங்களை நோக்கி வருகிறது என்று அர்த்தம். ஏழு முடிந்ததும் கடிகாரம் கிளிக் என்றது. அதே நேரம் நாங்கள் இருவரும் யன்னல் பக்கம் திரும்பினோம். வெளியே ஒன்றுமில்லை. கீழே தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

அவர் ஒரு அட்டையைத் தலைக்கு மேலே பிடித்து, படுத்தபடியே பென்சிலால் கணக்குப் போட்டார். அந்தப் பாரத்தோடு, அந்த வேகத்தில், அந்தச் செட்டை வளைந்து சுற்றி வர எவ்வளவு நேரம் எடுக்குமோ அதுதான் கிடைத்திருக்கிறது என்றார். நான் பொய் சொல்லவில்லை என்று கணக்குச் சொல்லிவிட்டது. பிறகு, கொஞ்சம் தயங்கி, எண்ணத் தெரிந்தும் உங்கள் அக்கா எப்படி அகப்பட்டாள் என்று கேட்டார்.

அதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. விசாரணையிலும் சொல்லவில்லை, அம்மாவுக்கும் சொல்லவில்லை. அன்றைக்குப் பங்கருக்குள் நாங்கள் இருவர்தான், செபமாலை உருட்டியவன் நான். அது வந்து ஒன்றைப் போட்டுவிட்டுப் போனது. மண்ணெண்ணெய் கிடைக்காத காலம், மெசின் சும்மா ஓடுகிறது என்று அக்காவுக்குப் பதற்றம். வாசலில் குந்தி இருந்துகொண்டு, "போயிட்டுதோ? மெசினை நிப்பாட்டிப்போட்டு வாறன்" என்று கேட்டபடி இருந்தாள். நான் பத்தும் சொல்லி முடித்தேன். வானம் வெறுமையாக இருந்தது. "ஓம், போயிட்டுது" என்றேன். பதின்மூன்றாவதில் அது வந்தது. மூன்றை ஏன் அதிகமாகச் சொன்னேன் என்று கேட்கிறீர்களா? அவள் போனபிறகும் என் வாய் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று இன்றுவரை தெரியாது. அக்கா தானாக எழும்பி ஓடினாள் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருந்தார். நான் அப்படியே விட்டுவிட்டேன்.

கிழவரின் பென்சில் நின்றுவிட்டது. செத்துவிட்டாரோ என்று திரும்பிப் பார்த்தேன். கண் திறந்தபடிதான் இருந்தது. முதல் தடவை ஒன்று மட்டுமா விழுந்தது என்று கேட்டார். ஓம், ஒன்று. வழக்கமாக எத்தனை? எப்போதும் இரண்டிரண்டாகத்தான் போடும் என்றேன். அன்று நல்ல வெயிலா, கடல் எவ்வளவு தூரம் என்று கேட்டார். சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். தன்னை எழுப்பி இருத்திவிட்டுப் போகச் சொன்னார். இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்கினேன். ஒரு பிள்ளையின் பாரம்தான் இருந்தார்.

நான்கு நாள் கழித்து முதலாளியம்மா ஒரு தடித்த உறையை என்னிடம் தந்தார். அப்பா கொடுக்கச் சொன்னார், இரண்டு நாளாகத் தட்டெழுத்து மெசினைத் தட்டிக்கொண்டே இருந்தார் என்றார். உறை ஒட்டியிருந்தது. அன்று மத்தியானம் விடுமுறை கேட்டு நேரே சூரிச்சுக்குப் போனேன். ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு, உடைக்கத் துணிவில்லாமல் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் வாசித்துக்கொண்டிருந்தேன்.

சட்ட உதவிப் பெண்மணி உறையைப் பிரித்தார். நான்கு பக்கம். முதல் பக்கத்தில் அவர் யார், எத்தனை வருடம் என்ன வேலை செய்தார் என்ற விபரம். இரண்டாவதில் பென்சிலால் வரைந்த அந்த விமானம், நேர் கீழேயிருந்து பார்த்தபடி. அதன் கீழே, நிலத்தில் படுத்திருக்கும் ஒருவருக்கு இது இப்படித்தான் தெரியும், பக்கவாட்டுப் படத்தில் இவர் இதை அடையாளம் காணாதது இயல்பே என்று எழுதியிருந்தது. மூன்றாவதில் ஏழு செபத்தின் நொடிக்கணக்கும் வளைவின் அளவும், இந்த விமானம் பல நாடுகளுக்கு விற்கப்பட்டது, அதில் குண்டு மாட்டலாம் என்ற வாக்குமூலமும், கையொப்பமும். பெண்மணி மேசையில் தட்டி, இதைத்தான் கேட்டேன் என்றார். அந்த மூன்று பக்கமும் தங்கள் வேலையைச் செய்தன. அடுத்த வருடம் எனக்கு இருக்க அனுமதி கிடைத்தது, இருக்கிறேன்.

நான்காவது பக்கத்தை அவர் மௌனமாக வாசித்தார். முகம் மாறியது. இது கேசுக்குத் தேவையில்லாதது, இதை உங்களுக்குத்தான் எழுதியிருக்கிறார் போல என்றார். என் ஜேர்மனுக்கு அது எட்டாது என்று அவருக்குத் தெரியும். லேசான சொற்களாக மாற்றி மாற்றி, மெதுவாக வாசித்துக் காட்டினார்.

"முதல் தடவை இரண்டில் ஒன்று விழவில்லை. அது ஒரு செட்டையில் மாட்டிக்கொண்டு தொங்கியது. ஒருபக்கம் பாரம் தொங்கும்போது இந்த விமானத்தைச் சட்டென்று வளைக்க முடியாது. விமானி மிக அகலமாகச் சுற்றித்தான் வரவேண்டும், அதற்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் எடுக்கும். வெயிலிலும் உப்புக் காற்றிலும் பாரத்தைப் பிடிக்கும் கொளுக்கி இறுகிப்போகும் என்று எங்களுக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கொளுக்கியை வரைந்தவன் நான். பதின்மூன்று வரை காத்திருக்க வேண்டும் என்று அந்தக் குழிக்குள் இருந்த எவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. அதைத் தெரிந்திருந்தவன் நான்."

இன்னொருதரம் வாசிக்கச் சொன்னேன். வாசித்தார். நன்றி வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. இத்தனை வருடமும் யாராவது ஒருவர் இதைச் சொல்லமாட்டார்களா என்று ஏங்கியவன் நான். சொல்வதற்கு இந்த மனிதர்தானா கிடைத்தார் என்று இருந்தது. பிறகு அழுகை வந்துவிட்டது, அந்தப் பெண்மணிக்கு முன்னால், வெளியே வரிசையில் ஆட்கள் காத்திருக்க, மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துத் துடைத்து அழுதேன். அவர் அந்தப் பக்கத்தை மடித்து என் கையில் தந்தார்.

ஊஸ்டருக்குத் திரும்பும் ரயிலில், உறையின் பின்பக்கத்தில், அம்மாவுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். அக்கா தானாகப் போகவில்லை அம்மா, நான்தான் போகச் சொன்னேன் என்று முதல் வரியில் எழுதினேன்.